கேளாத செவி யாருடைய குற்றம்?



ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்ல. கோயில் வாசலில், நாலு பேர் நிற்கையிலேதான் கேட்டார். ஆதலால் அதை இங்கே எழுதத் தடையில்லை. “சுவாமி, நோயாளியின் தலைமாட்டில் மானிட்டர் கத்துகிறது. பல சமயம் நான் திரையைச் சரியாகப் பாராமலே பொத்தானை அமுக்கி அடக்கிவிடுகிறேன். பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். இது பாவமா?”

ஆம் என்று சொல்வதும் எளிது, இல்லை என்று சொல்வதும் எளிது. இரண்டுமே அவசரப் பதில்களாய் இருக்கும் என்று தோன்றியதால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதுமன்று. 1958-ஆம் ஆண்டில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். நிறுவனத்தின் ஆஸ்பத்திரி நம் தரமணியில்தான் இருக்கிறது. இங்கிருந்து எந்தத் திசையில் அரை மணி நேரம் போனாலும் (போக்குவரத்து நெரிசல் அனுமதித்தால்) இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடும். நம் வீடுகளில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தம் தாய் தகப்பனை ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் காத்திருந்தவர்கள் அதைவிட அதிகம். ஆகவே நிதானமாகவே ஆராய்வோம்.

முதலில் யந்திரத்தைப் பற்றி. நோயாளியின் மார்பில் ஒட்டும் சிறு வில்லைகள் இருதயத்தின் மின்துடிப்பை வாங்கிக் கம்பி வழியாகத் திரைக்கு அனுப்புகின்றன. விரலில் மாட்டும் கவ்வி இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் மேலெல்லை ஒன்று, கீழெல்லை ஒன்று. எல்லை தாண்டினால் மணி அடிக்கும். உயிருக்கு ஆபத்தானால் சிவப்பு, சீக்கிரம் கவனிக்க வேண்டியதானால் மஞ்சள் என்று நிறத்திலும் வேற்றுமை உண்டு. 1962-இல் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்துப் பெத்தானி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹியூஸ் டே என்பவர் இருதய நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு அமைத்தார். துடிப்பைச் சதா கண்காணிப்பதும், தவறினால் உடனே ஓடி வருவதுமே அதன் நோக்கம். ஆனால் அத்தகைய பிரிவுகளில் உயிர்கள் பிழைத்ததற்கு யந்திரம் மட்டும் காரணமன்று. டாக்டர் வரும்வரை காத்திராமல், பக்கத்திலிருக்கும் நர்ஸே மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்று பயிற்சியும் அனுமதியும் தரப்பட்டதுதான் பெரும் பயனைத் தந்தது. மணி காப்பாற்றவில்லை, மணி கேட்டு ஓடி வந்தவள் காப்பாற்றினாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது ஆண்டுகளில் அந்த ஒரு மணி எத்தனையாய்ப் பெருகிவிட்டது தெரியுமா? சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் 2013-ஆம் ஆண்டு ஒரு மாத காலம் எண்ணிப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து, படுக்கைகள் 77, நோயாளிகள் 461 பேர். முப்பத்தொரு நாளில் யந்திரங்கள் எழுப்பிய எச்சரிக்கைகள் 25 லட்சத்துக்கு மேல். இவற்றுள் பெரும்பாலானவை திரையில் மட்டும் தோன்றி மறைபவை. காதில் விழும்படி ஒலித்தவை 3,81,560. அதாவது படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 187 முறை! இருதயத் துடிப்பு தாறுமாறானதாக யந்திரம் கூவிய 12,671 எச்சரிக்கைகளை நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 89 வரை பொய். நோயாளி புரண்டு படுத்தார், வில்லை காய்ந்து கழன்றது, வியர்வையில் நழுவியது. படுக்கையில் உட்கார்ந்து பல் துலக்கினால் போதும், அந்தக் கையசைவையே உயிர்போகும் துடிப்பாக யந்திரம் எடுத்துக்கொள்வதுண்டு. அங்கே இருக்கும் அதே வகை யந்திரங்கள்தாம் சென்னையிலும் இருக்கின்றன. நம் ஊர் வியர்வையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

“புலி வருது, புலி வருது” என்று கூவிய பையன் கதையை நாம் எல்லாரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். கதையில் பொய் சொன்னவன் பையன். தண்டனையும் அவனுக்கே கிடைத்தது. இங்கே கூவுவது யந்திரம், புலியின் வாயில் அகப்படுவது நோயாளி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவளோ ஓடி ஓடி அலுத்துப்போன நர்ஸ். கதை எவ்வளவு கோணலாகிவிட்டது பாருங்கள்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியையும் நாம் அறிவோம். கன்றை இழந்த பசு அதை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். அந்தக் கதையைக் கேட்டு அரசனின் நீதியைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். எனக்குத் தோன்றும் இன்னொரு விஷயம் உண்டு. அந்த மணி எப்போதோ ஒருமுறைதான் ஒலித்தது. காற்றடித்தாலும், காக்கை உட்கார்ந்தாலும், தெருப்பிள்ளைகள் இழுத்தாலும் நாளுக்கு 187 முறை ஒலித்திருந்தால், பசு அசைத்த அன்று சோழன் எழுந்து வந்திருப்பானா? அவனுடைய நீதி உணர்ச்சியில் குறைவிராது, செவிதான் கேட்டிராது.

இது கற்பனையன்று. பொய் மணியும் மெய் மணியும் கலந்து ஒலிக்கும்போது மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று 1995-இல் அமெரிக்காவில் சில மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பரிசோதித்தனர். மணி பெரும்பாலும் மெய்யானால் மக்கள் பெரும்பாலும் எழுந்தனர். அரிதாகவே மெய்யானால் அரிதாகவே எழுந்தனர். பெரும்பாலோர் தம்மையறியாமலே மணியின் உண்மைக்கு ஏற்பத் தம் சிரத்தையை அளந்து வைத்தனர். இதைச் சோம்பல் என்று சொல்லத் துணியாதீர்கள். கற்றுக்கொள்வது மனித புத்தியின் இயல்பு. பொய்யனை நம்பாதே என்று பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கிறோம் அன்றோ?

ஆனால் விளைவோ கொடியது. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் 89 வயது முதியவர் ஒருவர் இறந்துபோனார். உலகப் புகழ் பெற்ற ஆஸ்பத்திரி அது. அவருடைய மானிட்டரில் நெருக்கடிக்கான உரத்த மணி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. துடிப்பு குறைகிறது என்று காட்டும் மெல்லொலி நர்ஸ்கள் அமரும் இடத்தில் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. அங்கே வேலையிலிருந்த பத்து நர்ஸ்களும் அதைக் கேட்டதாக நினைவில்லை என்றனர். பத்துப் பேரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பேரும் கல்நெஞ்சர்கள் என்றும் நினைக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் ஓசையை நீங்கள் இப்போது கேட்கிறீர்களா? அப்படித்தான்.

இதன் பிறகு அந்நாட்டில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் கூட்டு ஆணையம் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தனக்குத் தெரிவிக்கப்பட்ட, மணி சம்பந்தமான விபத்துகள் 98 என்றும், அவற்றுள் 80 பேர் மாண்டனர் என்றும் சொல்லிற்று. 2014 முதல் இம்மணிகளை ஒழுங்குபடுத்துவதை ஆஸ்பத்திரிகளின் கட்டாயக் கடமையாக்கிற்று.

இனி நம் கேள்விக்கு வருவோம். குருமடத்தில் நன்னெறிச் சாஸ்திரம் படிக்கையில் சில பாகுபாடுகளை மனப்பாடம் செய்தோம். அப்போது அவை வறட்டுச் சொற்களாய்த் தோன்றின. இப்போது கைகொடுக்கின்றன.

அசிரத்தை என்பது வெறும் மறதியன்று. செலுத்த வேண்டிய கவனத்தைச் செலுத்தாமை என்று அக்குயினோ தோமாஸ் விளக்குகிறார். வள்ளுவரும் பொச்சாவாமை என்று இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் வள்ளுவர் அங்கே முதலில் கடிவது மகிழ்ச்சியின் மயக்கத்தால் வரும் மறதியை. அரசர்க்கும் செல்வர்க்கும் வரும் மறதி அது. பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்தவளின் மறதி வேறு ஜாதி. இரண்டுக்கும் ஒரே தராசு ஆகாது.

இன்னொரு பாகுபாடு இதைவிடக் கூர்மையானது. குடித்து மயங்கியவன் வண்டியோட்டி ஒருவனைக் கொன்றால், அந்தக் கணத்தில் அவனுக்குச் சுயநினைவு இல்லை. ஆயினும் அவன் குற்றவாளி. ஏனெனில் குடிக்கும்போது நினைவு இருந்தது. விளைவை நேரே விரும்பாவிட்டாலும் அதன் காரணத்தை விரும்பினான். இதைக் காரணத்தில் விருப்பம் என்பார்கள். சரி, நர்ஸின் செவி மரத்துப்போனதே, அதன் காரணத்தை விரும்பியவர் யார்? அவளா மணிகளை வைத்தாள்? அவளா எல்லைகளை வகுத்தாள்? அவளா ஆறு படுக்கைகளுக்கு ஒருத்தி என்று கணக்குப் போட்டாள்? குடிகாரன் தானே குடித்தான். இவளுக்கோ பிறர் ஊட்டினார்கள்.

யந்திரம் செய்பவரைக் கேளுங்கள். ஒரு மரணத்தையும் யந்திரம் கவனியாமல் விட்டது என்ற பழி தமக்கு வரலாகாது என்பதால், எல்லைகளை மிக நெருக்கமாக வைத்து அனுப்புகிறார். ஒன்றுக்கு நூறு கூவினாலும் பரவாயில்லை. கூவாமல் இருந்தால்தான் வழக்கு வரும். ஆஸ்பத்திரி நிர்வாகியைக் கேளுங்கள். பெட்டியில் வந்த எல்லைகளை மாற்றினால் பொறுப்பு தம் தலையில் விழும் என்று அப்படியே விட்டுவிடுகிறார். டாக்டரைக் கேளுங்கள். எந்த நோயாளிக்கு எந்த எல்லை என்று எழுத அவருக்கு நேரமில்லை. இப்படி ஒவ்வொருவரும் “நான் எச்சரித்துவிட்டேன்” என்று கையைக் கழுவிக்கொள்ள, கழுவிய நீரெல்லாம் நடுச்சாமத்தில் ஒரு பெண்ணின் தலையில் கொட்டுகிறது. வாசகரே, எச்சரிப்பது வேறு, கவனித்துக்கொள்வது வேறு. எச்சரிக்கை சில சமயம் பொறுப்பைச் சுமக்கும் வழியாக இருக்கிறது. சில சமயம் பொறுப்பைத் தள்ளிவிடும் வழியாக இருக்கிறது. இந்த இரண்டாவது வகைதான் இந்த மணிகளில் பெரும்பகுதி என்று நான் துணிந்து சொல்வேன்.

அறியாமையிலும் இரு வகை உண்டு: முயன்றால் நீங்கக்கூடியது, முயன்றாலும் நீங்காதது. களைத்த செவி நடுச்சாமத்தில் முயன்றாலும் கேளாது. ஆனால் செவி ஏன் களைக்கிறது என்பதை எண்ணிக்கையோடு நிரூபித்துப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்ட இக்காலத்தில், நிர்வாகத்தின் அறியாமை நீங்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. பாரம் இருக்குமிடம் அதுதான். அதற்காக நர்ஸுக்குக் கடமையே இல்லையென்று எண்ணவேண்டாம். பார்க்க முடிந்தபோது பாராமல் அமுக்குவது வேறு, மற்றொரு நோயாளியின் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டு இதற்கு ஓட முடியாமற் போவது வேறு. இந்த வேற்றுமையை அவரவர் மனச்சாட்சி நன்றாய் அறியும். ஒரு கடமை மட்டும் அவருக்கு எப்போதும் கூடும்: “இந்தச் சத்தத்தில் எங்களால் உயிரைக் காக்க முடியவில்லை” என்று மேலே உள்ளவர்களுக்கு வாய்திறந்து சொல்வது. சொன்ன பிறகும் அவர்கள் அசையாவிட்டால் கணக்கு அவர்கள் பக்கம்.

இவ்வளவு சொன்னதும் புத்திசாலியான வாசகர் ஒருவர் மறித்துக் கேட்பார்: “அப்படியானால் மணிகளைக் குறைக்கவேண்டியதுதானே? குறைத்தால், குறைத்த அந்த மணிகளுள் ஒன்று மெய்யாக இருந்து ஒருவர் மாண்டால்? பலருடைய நன்மைக்காக ஒருவரைப் பலியிடுவது நியாயமா?” நியாயமன்று. ஒரு தீமையை விரும்பிச் செய்து அதனால் நன்மை விளைவிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எல்லையைத் தளர்த்துவது ஒருவரைப் பலியிடுவதாகாது. நன்மையும் தீமையும் இரண்டுமே விளையக்கூடிய செயல் எப்போது தகும் என்பதற்கு நன்னெறிச் சாஸ்திரம் நிபந்தனைகள் வைத்திருக்கிறது. செயல் தன்னளவில் தீயதாய் இருக்கலாகாது. தீய விளைவை விரும்பலாகாது. தீமையின் வழியாக நன்மை வரலாகாது. அந்த அபாயத்தை ஏற்பதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும். ஓய்வாக உட்காரவேண்டும் என்பதற்காக மணியை அடக்குபவர் கடைசி நிபந்தனையில் தோற்கிறார். மெய்யான மணி கேட்கவேண்டும் என்பதற்காகப் பொய்யான மணிகளைக் களைபவர் நான்கிலும் தேறுகிறார். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது பத்திரமான வழி என்று நினைக்கிறோமே, அதிலும் ஆட்கள் சாகிறார்கள். அந்தச் சாவுக்கு ஒருவர் கையொப்பமும் இராது, அவ்வளவே.

செய்து பார்த்தவர்களும் உண்டு. பாஸ்டனிலேயே பாஸ்டன் மெடிக்கல் சென்டர் என்ற மற்றொரு ஆஸ்பத்திரியில், இருதய நோயாளிகளின் வார்டு ஒன்றில் நர்ஸ்களும் டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து எல்லைகளைத் திருத்தினர். துடிப்பு 50-க்குக் குறைந்தால் என்றிருந்ததை 45 ஆக்கினர். 120-ஐத் தாண்டினால் என்றிருந்ததை 130 ஆக்கினர். தானே கூவித் தானே அடங்கும் சில்லறை மணிகளை நிறுத்தினர். மிஞ்சியவற்றை, ஆள் வந்து பார்க்கும்வரை ஓயாத மணிகளாக்கினர். இரண்டு நர்ஸ்கள் கலந்து பேசி, அந்தந்த நோயாளிக்கேற்ப எல்லையை மாற்றிக்கொள்ளவும் இடங்கொடுத்தனர். வாரத்துக்கு 87,823 ஆக இருந்த ஒலி 9,967 ஆகக் குறைந்தது. அதனால் நோயாளிகளுக்குக் கேடு விளைந்ததாகத் தெரியவில்லை என்றும் 2014-இல் எழுதினர். வேறோர் ஆய்வில், எல்லை தாண்டியதும் உடனே கூவாமல் 14 விநாடி பொறுத்துக் கூவினாலே, வீணாகப் போகும் மணிகளில் பாதி ஒழிந்துவிடும் என்று கண்டனர். புரண்டு படுத்தவர் அதற்குள் சரியாகப் படுத்துவிடுவார் அல்லவா?

இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொட்டது மிகச் சாதாரணமான ஒன்று. மார்பில் ஒட்டும் வில்லைகளைத் தினமும் மாற்றுவது. ஒட்டுமுன் அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்துவது. இதைச் செய்த வார்டுகளில் மணிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கண்டிருக்கிறார்கள். கோடி ரூபாய் யந்திரத்தின் உண்மை பேசும் குணம் ஒரு சோப்புக்கட்டியிலும் துணியிலும் இருந்திருக்கிறது!

குறைப்பது நல்லது என்றதும் எந்த அடக்குதலும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யூனியன் கார்பைடு ஆலையில் உள்ளே ஒலிக்கும் சங்கும் ஊருக்காக ஒலிக்கும் சங்கும் தனித்தனியே இயங்கும்படி முன்னரே பிரிக்கப்பட்டிருந்தன. சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊரார் கலவரமடைய வேண்டாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். அன்றிரவு விஷவாயு வெளியேறியபோது ஊருக்கான சங்கு சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வார்டில் மணியைத் திருத்துபவர், கேட்கவேண்டியவருக்கு நன்றாய்க் கேட்கவேண்டும் என்று திருத்துகிறார். போபாலில் கேட்கவேண்டியவருக்கே கேளாதபடி செய்தனர். வெளிப்பார்வைக்கு இரண்டும் பொத்தானை அமுக்குவதுதான்.

வேறோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிகள் குறைந்துவிட்டன, ஆகவே நர்ஸ்களையும் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகம் எங்கேனும் வரலாம். மணி கேட்டதும் எழுந்து வர ஆளில்லாவிட்டால், அது எவ்வளவு உண்மையான மணியாய் இருந்தும் என்ன பயன்?

நம்மூரில் டைடல் பூங்காவைச் சுற்றி இரவெல்லாம் கணினித் திரைகளைக் காவல் காக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது. அவர்கள் திரையிலும் சிவப்பு மஞ்சள் விளக்குகள் ஓயாமல் எரிகின்றன. அவர்களும் பாராமலே மூடுகிறார்கள். ஒரு வித்தியாசம், அங்கே பெரும்பாலும் போவது பணம்.

கடைசியாக, படுக்கையின் பக்கத்தில் உட்காரும் உறவினரான உங்களுக்குச் சில வார்த்தைகள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது, விரல்கவ்வி இல்லாத வீடு நம் தெருக்களில் குறைவாகவே இருந்தது. எண் 94-க்குக் கீழே இறங்கியதும் வீடே அலறியதும், விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினால் 97 காட்டியதும் பலருக்கு ஞாபகமிருக்கும். அந்த அனுபவம் ஆஸ்பத்திரியிலும் உதவும். யந்திரத்தின் பொத்தானை நீங்களாக அமுக்காதீர்கள், எவ்வளவு எரிச்சலானாலும். வில்லை கழன்றிருந்தாலோ, கவ்வி நழுவியிருந்தாலோ அதைச் சொல்லுங்கள். “சிஸ்டர், என்ன எண் வந்தால் எங்கள் அப்பாவுக்கு ஆபத்து? எந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் உங்களைக் கூப்பிட வேண்டும்?” என்று அவர் சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் அவருக்கும் டாக்டரோடு அதைப் பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

அவஸ்தைபூசுதல் கொடுக்கப் போகும்போது நான் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. பிள்ளைகள் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். எட்டுக் கண்களும் திரையின் மேலேயே இருக்கும். தாயின் உதடு அசையும். தண்ணீர் கேட்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணைப் பார்க்க அங்கே ஆளும் யந்திரமும் இருக்கிறது. தண்ணீர் கொடுக்கலாமா என்று சிஸ்டரைக் கேட்டு, கொடுக்கலாம் என்றால் ஒரு கரண்டி கொடுங்கள். கூடாதென்றால் உதட்டையாவது ஈரத்துணியால் நனையுங்கள்.